துடைத்துத் துடைத்தே தேயும் புதுக் கார்

கார் தொழிற்சாலைக்குள் மிகச் சுத்தமான இடம் எது என்று கேட்டால், பெயின்ட் ஷாப் என்பார்கள். நூல் பிரியாத முழு அங்கி போடாமல் உள்ளே போக முடியாது. அங்கி போட்ட பிறகும், நாலு பக்கமும் காற்றை வீசித் தூசியை உதறும் சிற்றறையைக் கடக்க வேண்டும். சிலிக்கோன் கலந்த தலை ஜெல்லுக்கும் முகக் க்ரீமுக்கும் அனுமதி இல்லை. அதில் துளி ஒட்டினாலும் ஈரப் பெயின்ட் விலகி ஓடிக் குழி விழும். பெயின்ட் அடிப்பதற்குச் சற்று முன், தகட்டின் மேல் மிச்சம் இருக்கும் தூசியைத் துடைக்கப் பல ஆலைகள் பறவை இறகைத்தான் நம்புகின்றன. நெருப்புக்கோழி இறகோ ஈமு இறகோ செருகிய பெரிய உருளைகள் சுழன்று வண்டியை வருடி அனுப்பும்.

இவ்வளவு பொத்தி வளர்த்த பெயின்ட், வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள் விடியற்காலையில் ஒரு பிளாஸ்டிக் வாளியையும் ஒரு பிடி பனியன் வேஸ்ட்டையும் சந்திக்கிறது. பல நாள் வாளிகூடக் கிடையாது. உலர்ந்த துணியால் பானெட்டில் நாலு இழுப்பு, கூரையில் நாலு இழுப்பு. வேலை முடிந்தது.

சில மாதங்கள் கழித்து வெயிலில் நிறுத்திப் பார்க்கும்போதுதான் உரிமையாளருக்கு நெஞ்சு பதறுகிறது. பானெட் முழுக்கச் சிலந்தி வலை பின்னியதுபோல நுண்ணிய கோடுகள். கறுப்பு, கருநீலம், அடர் சிவப்பு வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். “அந்தக் காலத்து அம்பாசடர் பெயின்ட் மாதிரி வருமா? இப்போ எல்லாம் பேப்பர் பெயின்ட்” என்று பக்கத்து வீட்டுக்காரர் ஆறுதல் சொல்வார். உடனே ஒரு பாலிஷ் போடச் சொல்லி யோசனையும் சொல்வார். அவர் சொல்வது இரண்டும் தவறு. புதுக் காரின் பளபளப்பை வெயிலும் மழையும் கெடுப்பதைவிட வேகமாக, நாம்தான் அதைச் சுத்தம் செய்யும் பெயரில் கெடுக்கிறோம்.

தலைமுடியைவிட மெல்லிய கவசம்

புதுக் காரின் தகட்டின் மேல் இருப்பது ஒரு பெயின்ட் அல்ல, அடுக்கடுக்காக நான்கு. முதலில் பாஸ்பேட் கரைசலில் குளிப்பாட்டிய தகட்டை அப்படியே ஒரு பெரிய பெயின்ட் தொட்டிக்குள் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, மூலை முடுக்கெல்லாம் ஒட்டவைக்கிறார்கள். துருவைத் தடுப்பது இந்த அடுக்குதான். அதன் மேல் பிரைமர். அதன் மேல் நிறம். இது ஏறக்குறைய 15 மைக்ரான்தான். கடைசியாக நிறமே இல்லாத, கண்ணாடிபோன்ற கிளியர் கோட். நீங்கள் ஷோரூமில் மயங்கி நின்ற அந்தப் பளபளப்பு முழுவதும் இந்தக் கடைசி அடுக்கில்தான் இருக்கிறது.

எல்லா அடுக்கும் சேர்ந்தே 100 முதல் 130 மைக்ரான் வரும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். கிளியர் கோட்டோ பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான். வெயிலின் புற ஊதாக் கதிரை உறிஞ்சி நிறத்தைக் காக்கும் வேதிப்பொருளைக் கலந்திருப்பதும் இந்த அடுக்கில்தான். இதைத் தேய்த்துக் குறைப்பது குடையைக் கத்தரிப்பதற்குச் சமம். பழைய சிவப்பு வண்டிகளின் கூரையில் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்து நிற்குமே, அது கிளியர் கோட் செத்துப்போன அடையாளம். அதற்கு எந்தப் பாலிஷும் மருந்து கிடையாது. மறுபடி பெயின்ட்தான்.

பாலிஷ் போடும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஃபோர்டின் மாடல் டி காரை 1914-லிருந்து 1925 வரை கறுப்பு தவிர வேறு நிறத்தில் வாங்க முடியாது. அந்தக் காலத்தில் நிற வண்டிக்கு வார்னிஷ் பூசிக் காயவைத்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். 1920-களின் நடுவில் அமெரிக்க டூபான்ட் நிறுவனத்தின் டூக்கோ பெயின்ட் வந்த பிறகுதான் அது மணிக்கணக்காகச் சுருங்கியது. பல நிறங்களும் வந்தன. நம் ஊர்த் தச்சர்கள் இன்றும் கட்டிலுக்கும் அலமாரிக்கும் “டூக்கோ அடிக்கட்டுமா” என்று கேட்பது அதே பெயரைத்தான். அந்த வகைப் பெயின்டிலும், பிறகு அம்பாசடர், ஃபியட் காலத்தில் அடித்த பெயின்டிலும் மேலே தனியாகக் கிளியர் கோட் கிடையாது. வெயிலில் மேல்தோல் சுண்ணாம்பாகப் பொரிந்துவிடும். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் துணியில் வண்டியின் நிறமே ஒட்டிக்கொண்டு வரும், அடியிலிருந்து புதுத் தோல் பளிச்சென்று எழும். தேய்க்கத் தேய்க்க மினுமினுக்கும் என்ற நம்பிக்கை அப்படி வேரூன்றியது. அப்போது அது சரிதான். கிளியர் கோட் போட்ட வண்டிக்கு அதே வைத்தியத்தைச் செய்தால், நல்ல தோலைத்தான் உரிக்கிறோம்.

சிலந்தி வலை எப்படி விழுகிறது?

தெருத்தூசியில் மணல் இருக்கிறது. மணலில் இருப்பது குவார்ட்ஸ். பொருள்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10 என்றால் குவார்ட்ஸ் 7. எஃகுக் கத்தியைக் கீறும் பொருள் அது. கிளியர் கோட் என்னதான் பெயரில் கோட் போட்டுக்கொண்டாலும் அடிப்படையில் ஒரு பிளாஸ்டிக் படலம். உலர்ந்த தூசியின் மேல் துணியை வைத்து இழுக்கும்போது, துணி வெறும் கைப்பிடி. கீறுவது அதன் அடியில் உருளும் மணல்.

அந்தக் கீறல் வட்டம் வட்டமாகத் தெரிவதால், துடைப்பவர் வட்டமாகத் துடைத்ததுதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். நேராகத் துடைத்தாலும் அப்படித்தான் தெரியும். கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. சூரியனோ தெருவிளக்கோ பானெட்டில் பிரதிபலிக்கும் புள்ளியைச் சுற்றி, ஒளிக்குக் குறுக்கே கிடக்கும் கீறல்கள் மட்டும்தான் நம் கண்ணுக்கு மினுங்கும். அவை சேர்ந்து வட்டமாகத் தோன்றுகின்றன. சந்தேகம் இருந்தால் தலையைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். வட்டமும் கூடவே நகரும்.

இந்த இடத்தில் விடியற்காலையில் வண்டி துடைக்க வருபவரை வில்லனாக்கிவிட வேண்டாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்கு மாதச் சம்பளம் வண்டிக் கணக்கில். ஆபீஸ் போகிறவர்கள் கிளம்புவதற்குள் எல்லா வண்டியையும் முடிக்க வேண்டும். ஹோஸ் பைப் போடக்கூடாது என்பது குடியிருப்புச் சங்கத்தின் விதி. குழாய் இருப்பது கட்டடத்தின் மறுகோடியில். ஒரு நாள் துடைக்காமல் விட்டால், “என்னப்பா, நேத்து வரலையா” என்று மாடியிலிருந்து குரல் வரும். தினமும் துடை என்று கட்டளையிட்டது நாம். கையில் துணி கொடுக்காததும் நாம்.

தினமும் துடைக்கத் தேவையே இல்லை. தூசி சும்மா உட்கார்ந்திருந்தால் பெயின்டுக்கு ஒரு கேடும் செய்யாது. கண்ணாடிகளை மட்டும் ஈரத்துணியால் தினமும் துடைக்கச் சொல்லுங்கள், அது பாதுகாப்புக்கும் வேண்டும். முகப்பு விளக்கைத் தொட வேண்டாம். பார்க்கக் கண்ணாடிபோல இருந்தாலும் அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக், பெயின்டைப்போலவே கீறும். வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும். ஆறு நாள் துடைக்கிற காசையே ஒரு நாள் கழுவக் கொடுங்கள். உங்கள் வண்டிக்கென்று இரண்டு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுங்கள். துணிக்குச் சில நூறு ரூபாய், டெலிவரி அன்று வாங்கிய இனிப்புப் பெட்டியைவிடக் குறைவு.

டெலிவரிக்கு முன்பே

கோடுகள் நம் வாசலில்தான் விழ வேண்டும் என்றில்லை. ஆலையிலிருந்து வரும் வண்டி நேராக ஷோரூமுக்கு வருவதில்லை. ஊருக்கு வெளியே வெட்டவெளி ஸ்டாக் யார்டில் சில வாரம், சில சமயம் அதற்கும் மேல் வெயிலும் மழையும் பட்டு நிற்கும். பிறகு டெலிவரிக்கு முதல் நாள் அவசர அவசரமாக ஒரு வாட்டர் வாஷ். அங்கே இருக்கும் ஸ்பாஞ்சு அன்று எத்தனை வண்டியின் சக்கரத்தைத் தேய்த்தது என்று யாருக்குத் தெரியும்? புது வண்டியிலேயே வலைக்கோடு இருப்பதும், அதை மறைக்க எண்ணெய்ப் பசையுள்ள ஒரு பாலிஷ் பூசி அனுப்புவதும் டீலர்ஷிப் பணிமனைகளில் அறியாத விஷயமல்ல. இரண்டு கழுவில் அந்தப் பசை போனதும் கோடு வெளியே வரும். பழி, வண்டி வாங்கியவர் தலையில்.

பதிவு எண் போடுவதற்கு முன்பே யார்டிலோ ஷோரூமிலோ போய் வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது வாடிக்கையாளரின் உரிமை. டியூப் லைட்டின் கீழே எல்லா வண்டியும் அழகுதான். செல்போன் டார்ச்சை அடித்துக் கதவுகளையும் பானெட்டையும் சாய்வாகப் பாருங்கள். ஒரு கதவின் நிறம் மட்டும் கொஞ்சம் மாறித் தெரிந்தாலோ, ரப்பர் ஓரத்தில் பெயின்ட் தெறித்திருந்தாலோ, யார்டிலோ லாரியிலோ அடிபட்டு மறுபடி அடித்திருக்கலாம். கேள்வி கேளுங்கள். கார் மேல் பித்துப்பிடித்த சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், “கழுவவே வேண்டாம், தூசியோடு கொடுங்கள்” என்று எழுதிக் கொடுத்து வாங்குகிறார்கள். விற்பனைப் பிரதிநிதி விநோதமாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.

பூஜை போட்ட பின் மாலையோடு ஊர்வலம் போகும் ஆசையைக் கொஞ்சம் அடக்க வேண்டும். காற்றில் மாலையின் நாரும் கம்பியும் பானெட்டில் அடித்துக்கொண்டே வரும். கோவில் வாசலில் கழற்றி உள்ளே வைத்துவிடலாம்.

உப்புத் தண்ணீரும் ஏ.சி. தண்ணீரும்

நல்ல துணி வாங்கியாயிற்று. அடுத்த எதிரி தண்ணீர். சென்னையில் போர்வெல் தண்ணீரில் கழுவிய கறுப்பு வண்டியை வெயிலில் காயவிட்டால் போதும், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. கால்சியமும் மக்னீசியமும் கரைந்த தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் தங்கிவிடும். வெயில் அதைச் சுட்டு ஒட்டவைக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர் அளவுகோல் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்கதாகவும், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்றும் சொல்கிறது. பைப்பில் பக்கு கட்டி, ஷவர் துளை அடைபடும் வீடுகளில் உள்ளவர்களுக்குத் தங்கள் தண்ணீர் எந்தப் பக்கம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சிக்கனம் என்று நினைத்துச் செய்யும் ஒரு காரியம் இங்கே வினையாகிறது. ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரைப் பிடித்து வைத்து வண்டி கழுவுவது. நல்ல தண்ணீரைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, உப்பையெல்லாம் திரட்டி அந்தக் குழாய் வெளியே தள்ளுகிறது. உங்கள் வீட்டிலேயே இருப்பதில் மிக மோசமான தண்ணீர் அதுதான். வாசல் தெளிக்கலாம், தரை துடைக்கலாம், காருக்கு வேண்டாம்.

அதற்கு நேர் எதிர், ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவதால் அதில் உப்பு அநேகமாக இல்லை. சென்னையின் புழுக்கத்தில் ஒரு ஏ.சி. ஓரிரவில் சில லிட்டர் தரும். மாடியிலிருந்து வரும் அந்தக் குழாயின் கீழே ஒரு வாளி வையுங்கள். கழுவி முடித்த வண்டிக்குக் கடைசியாக அந்த ஒரு வாளியை மேலிருந்து ஊற்றினால் புள்ளி விழாது. சிறப்புத் திரவம், விலையுயர்ந்த ஸ்ப்ரே எதுவும் இதற்கு நிகர் இல்லை, காசும் இல்லை.

கழுவும் முறையில் ரகசியம் எதுவும் கிடையாது, பொறுமைதான் கிடையாது. வண்டி சூடாக இருக்கும்போது கழுவ வேண்டாம், நிழலில் ஆறவிடுங்கள். கையே வைக்காமல் முதலில் வெறும் தண்ணீரால் மணலை அடித்துத் தள்ளுங்கள். பெரும்பாலோர் அவசரப்படும் இடம் இது. மொத்த வேலையில் முக்கியமான இடமும் இதுதான். பிறகு கார் ஷாம்பூ கலந்த ஒரு வாளி, வெறும் தண்ணீர் ஒரு வாளி. துணியை ஷாம்பூவில் நனைத்து ஒரு கதவைத் துடைத்தால், மறுபடி ஷாம்பூவில் முக்கும் முன் வெறும் தண்ணீரில் அலசுங்கள். மணல் அங்கே தங்கும். கூரையிலிருந்து கீழே வாருங்கள், அழுக்கு கீழேதான் அதிகம். சக்கரத்துக்கு வேறு துணி, வேறு வாளி. தரையில் விழுந்த துணி அன்றைக்கு மறுபடி வண்டியைத் தொடக் கூடாது. இந்த ஒரு விதியை மீறாத வாட்டர் சர்வீஸ் கடை உங்கள் ஊரில் இருந்தால் அந்தக் கடைக்காரரை விட்டுவிடாதீர்கள்.

பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கை அறுப்பதற்கென்றே செய்தது. வண்டியின் மேல் பூசிய மெழுகையும் சேர்த்து அறுத்துவிடும். சலவைத்தூள் அதைவிட மோசம். சில வாட்டர் சர்வீஸ் கடைகளில் கழுவி முடித்து டீசலோ மண்ணெண்ணெயோ தெளித்து மினுமினுப்புக் காட்டுவார்கள். ரப்பரைக் கெடுக்கும், தூசியைக் கூப்பிட்டு ஒட்டவைக்கும். கண்டிப்பாக வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

துடைத்து உலர்த்த வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். காற்றில் தானாகக் காயட்டும் என்று விட்ட தண்ணீர்தான் புள்ளியாகிறது. பழைய புள்ளிகளுக்கு வெள்ளை வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து, ஒரு மூலையில் சோதித்துப் பார்த்து, துணியால் ஒற்றி எடுத்துக் கழுவலாம். அதற்கும் போகாவிட்டால் அது பெயின்டைத் தின்றுவிட்டது என்று பொருள்.

தண்ணீர்ப் பஞ்சத்தை மறந்துவிட்டுப் பேச முடியாது. 2019-ல் சென்னை பட்ட பாடு நினைவிருக்கும். 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றே அறிவித்தது. கோடையில் ஹோஸைத் திறந்துவிட்டு அரட்டை அடிப்பது நியாயமில்லை. தூசி மட்டும் படிந்த வண்டிக்கு, ஒரே வாளித் தண்ணீரில் கலந்து அலசாமலே துடைக்கும் திரவங்கள் கிடைக்கின்றன. சேறு பூசிய வண்டிக்கு அது உதவாது.

மரத்தடி நிழலின் விலை

வெயிலுக்குப் பயந்து மரத்தடியில் விடுகிறோம். மரம் சும்மா நிழல் தருவதில்லை. சென்னைத் தெருக்களின் தூங்குமூஞ்சி மரத்திலும், வீட்டு மாமரத்திலும் சாறு உறிஞ்சும் பூச்சிகள் கழிக்கும் பிசின் போன்ற திரவம் கண்ணாடியிலும் கூரையிலும் பொட்டுப் பொட்டாக விழும். விட்டால் அதன் மேல் கரும்பூசணம் ஏறும். நாவல் மரத்தடியில் வெள்ளைக் கார் நிறுத்துவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

பறவை எச்சம் இவை எல்லாவற்றையும்விட அவசரமானது. அதில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் கறுப்பு பானெட் 70 டிகிரி செல்சியஸைத் தொடும். அந்தச் சூட்டில் கிளியர் கோட் சற்றே இளகி விரியும். மாலையில் ஆறிச் சுருங்கும்போது, காய்ந்துபோன எச்சத்தின் சொரசொரப்பை அப்படியே அச்செடுத்துக்கொள்ளும். பிறகு எச்சத்தை எடுத்தாலும் அந்த இடம் மங்கலாகவே நிற்கும். பார்த்த உடனே எடுக்க வேண்டும், ஆனால் நகத்தால் சுரண்டியல்ல. நனைத்த துணியை அதன் மேல் சில நிமிடம் போட்டு ஊறவைத்து, வழித்து எடுங்கள். டிக்கியில் ஒரு தண்ணீர் பாட்டிலும் துணியும் வைத்துக்கொண்டால் போதும்.

எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலும், பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் கடலின் உப்புக்காற்றும் தனிப் பிரச்சினை. சாம்பல் துகள் கண்ணாடித்தன்மை கொண்டது. அதை உலர்த் துணியால் துடைப்பது உப்புத்தாளால் தேய்ப்பதுதான். கடலோரத்தில் பெயின்டைவிடத் தகடு சேரும் இடங்களுக்குத்தான் ஆபத்து. வாரம் ஒரு முறை அடிப்பக்கத்துக்கும் நல்ல தண்ணீர் அடியுங்கள். கவர் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: காற்று அடிக்காத, தூசி இல்லாத போர்ட்டிகோவில் போடலாம். தெருவில் நிற்கும் தூசி வண்டிக்குக் கவர் போட்டால், காற்றில் அது படபடத்து இரவு முழுக்கத் தேய்த்துக்கொண்டிருக்கும்.

ஆயுத பூஜை வராமல் இருக்காது. சந்தனமும் குங்குமமும் வைக்காதீர்கள் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. கண்ணாடியில் வையுங்கள். கடைக் குங்குமத்தில் செயற்கைச் சாயம் இருந்தால் வெள்ளை பெயின்டில் ரோஜா நிறக் கறை தங்கிவிடும். பானெட் மேலேயே சூடம் ஏற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; தேங்காய் மேல் ஏற்றிச் சுற்றினாலும் அதே புண்ணியம்தான்.

டெஃப்ளான், செராமிக், பி.பி.எஃப்.: விற்பவர் சொல்லாதது

புதுக் கார் பில்லோடு வரும் உபரிகளில் லாபம் கொழிக்கும் ஒன்று “பெயின்ட் பாதுகாப்பு”. கட்டாயம் என்பதுபோலப் பேசுவார்கள். கட்டாயம் இல்லை.

டெஃப்ளான் கோட்டிங்கை முதலில் தள்ளிவிடலாம். 1938-ல் டூபான்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் எதிர்பாராமல் கண்டுபிடித்த அந்தப் பொருள் உருகுவது 327 டிகிரியில். தோசைக்கல்லில் அது பிடிப்பதற்கு அதைவிட அதிகமாகச் சூடேற்றுகிறார்கள். அந்தச் சூட்டை உங்கள் கார் பெயின்ட் தாங்காது, கருகிவிடும். வெறும் கையால் பூசித் துடைத்துக் கொடுப்பதில் டெஃப்ளான் துகள் இருந்தாலும் அது தோசைக்கல்லில் செய்யும் வேலையைக் காரில் செய்யாது. வேலை செய்வது அதிலுள்ள மெழுகும் ரெசினும்தான், அதுவும் சில மாதம்.

செராமிக் கோட்டிங் ஏமாற்று அல்ல. ஆனால் அதைப் பற்றிச் சொல்வதில் பாதி மிகை. சிலிக்கா அடிப்படையிலான திரவம் பெயின்டில் ஒட்டி இறுகுகிறது. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், அழுக்கு எளிதில் பிடிக்காது, கழுவுவது சுலபம். ஒன்றிரண்டு ஆண்டு நிற்கும், சிலது அதற்கும் மேல். அதன் தடிமன் பெரும்பாலும் ஒரு மைக்ரான் அளவுதான். சாவிக் கீறலும் லாரி டயர் தெறிக்கும் கல்லும் அந்த ஒரு மைக்ரானில் நிற்காது. “9எச் கடினம்” என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து வைரத்துக்கு அடுத்தபடி என்று எண்ணிவிடாதீர்கள். வைரம் 10 என்னும் மோஸ் கணக்கு வேறு, இது வேறு. 9எச் என்பது பென்சில் கணக்கு. படம் வரைகிற பென்சில் வரிசையில் மிகக் கடினமான 9எச் பென்சிலால் கீறினால் கோடு விழாது என்பதே பொருள். மணலைத் துணியில் வைத்து இழுத்தால் செராமிக் மேலும் கோடு விழும். உருண்டு நிற்கும் போர்வெல் தண்ணீர் முத்து காய்ந்தால் அதன் மேலும் புள்ளி விழும். இன்னொன்று: செராமிக் போட்டபின் வரும் மினுமினுப்பில் பெரும்பங்கு, அதைப் போடுவதற்கு முன் இயந்திரத்தால் செய்த பாலிஷால் வருவது. அடியில் கோடு இருந்தால் கோட்டையும் சேர்த்து மூடி வைக்கும். எனவே எத்தனை ஆண்டு வாரன்டி என்று கேட்பதைவிட, பூசுவதற்கு முன் என்ன செய்வீர்கள், எத்தனை நாள் எடுப்பீர்கள் என்று கேளுங்கள். மதியம் விட்டால் மாலையில் தருகிறேன் என்பவரிடம் விடாதீர்கள்.

உண்மையில் கல்லடியைத் தாங்குவது பி.பி.எஃப். என்னும் படலம். வியட்நாம் போரின்போது அமெரிக்க ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலிலிருந்து காக்கச் செய்த பாலியூரித்தேன் படலம்தான் பிறகு காருக்கு வந்தது. 150 முதல் 200 மைக்ரான் தடிமன். மெல்லிய கீறல்கள் வெயில் சூட்டில் தானாக மறையும் வகையும் உண்டு. முழு வண்டிக்கும் ஒட்டினால் லட்சத்தைத் தொடும் அல்லது தாண்டும். குறைந்த விலைக்கு பி.வி.சி. படலத்தை அதே பெயரில் ஒட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் வெயிலில் மஞ்சளாகி, எடுக்கும்போது பாடாய்ப் படுத்தும். வாங்கினால் டி.பி.யூ. (பாலியூரித்தேன் வகை) என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

மெழுகு பழைய ஆள். பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையில் எடுக்கும் கார்னோபா மெழுகு 80 டிகிரிக்குச் சற்று மேல் உருகும். நம் சித்திரை வெயிலில் அதன் ஆயுள் சில வாரம். கையால் பூசி, நிழலில் உட்கார்ந்து துடைத்தெடுக்கும் சுகம் பிடித்தவர்களுக்கு அது போதும்.

என் தீர்ப்பைக் கேட்டால்: மூடிய பார்க்கிங், நகர ஓட்டம், நான்கைந்து ஆண்டில் மாற்றிவிடப்போகும் வண்டி என்றால் எதற்கும் பெரிய பணம் கொட்ட வேண்டாம். சிலிக்கா கலந்த ஸ்ப்ரே ஒரு பாட்டில் வாங்கி, மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை கழுவியபின் தெளித்துத் துடைத்தால் போதும். அடர் நிற வண்டி, வெட்டவெளிப் பார்க்கிங், பத்தாண்டு வைத்துக்கொள்ளும் எண்ணம் என்றால் வெளியே காரை மெருகேற்றும் நல்ல டீட்டெய்லரிடம் செராமிக் போடலாம். சென்னைக்கும் மதுரைக்கும் கோவைக்கும் ஹைவேயில் ஓயாமல் ஓடுகிறவர்கள் முன் பம்பர், பானெட்டின் முன்பாதி, கதவுக் கைப்பிடிக் குழி ஆகியவற்றுக்கு மட்டும் பி.பி.எஃப். ஒட்டினால் பாதிப் பயன் கிடைத்துவிடும், செலவு பாதிக்கும் கீழே.

புது வண்டிக்கு மூன்று மாதம் எதுவும் பூசக் கூடாது என்று ஒரு பேச்சு உலவுகிறது. ஆலையில் 140 டிகிரி சூட்டில் சுட்டெடுத்த பெயின்டுக்கு அது பொருந்தாது. முதல் நாளே பூசலாம். அடிபட்டு டிங்கரிங், பட்டி பார்த்து மறுபடி பெயின்ட் அடித்த பகுதிக்குத்தான் பொறுமை வேண்டும். வண்டியில் பிளாஸ்டிக்கும் ஒயரும் இருப்பதால் அங்கே 60, 80 டிகிரிக்கு மேல் சுட முடியாது. கரைப்பான் முழுதாக ஆவியாகச் சில வாரம் விடுங்கள்.

சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் “ஃப்ரீ ரப்பிங் பாலிஷ் போட்டுத் தர்றோம் சார்” என்றால் கைகூப்பி மறுத்துவிடுங்கள். ஒவ்வொரு ரப்பிங்கும் சில மைக்ரானைச் சாப்பிடும். உங்களிடம் இருப்பதே நாற்பதோ ஐம்பதோ. ஜாப் கார்டில் “கழுவ வேண்டாம், பாலிஷ் வேண்டாம்” என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு சின்னக் கீறலுக்காக இன்சூரன்ஸ் கேட்பதற்கு முன்னும் ஒரு கணக்குப் போடுங்கள்: முதல் ஆண்டு 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம் வரை ஏறும் நோ கிளெய்ம் போனஸ், ஒரு கிளெய்மில் போய்விடும்.

குடியிருப்புச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். பார்க்கிங் தளத்தில் ஒரு குழாய் போடுங்கள். மாடிகளிலிருந்து இறங்கும் ஏ.சி. தண்ணீரை ஒரு டிரம்மில் சேருங்கள். வண்டி துடைப்பவருக்குத் தினமும் வேண்டாம், வாரம் இரண்டு நாள் நிதானமாகக் கழுவினால் போதும் என்று சம்பளத்தைக் குறைக்காமல் சொல்லுங்கள். அடுத்த பொதுக்குழுவில் லிஃப்ட் பராமரிப்புக்கு அடுத்த வரியில் இதையும் எழுதிக்கொள்ளலாம்.